நேரில் கண்டவர்

"பாதிக்குப் பாதி திருட்டு! இதைத்தான் பத்திரிகைக்கு அனுப்பப் போறாங்களாம் அம்மணி!"

பேராசிரியர் ஹிமாங்ஷு சக்ரவர்த்தி போட்ட சத்தத்தில் நாட்டுப்புறவியல் துறை மொத்தமும் அவர் அறைக்கு ஓடி வந்துவிட்டது. கடித்த சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டே வந்தவர்களும் உண்டு.

எதிரே அவருடைய ஆராய்ச்சி மாணவி நியதி பர்மன் நின்றுகொண்டிருந்தாள். வங்காளத்தின் வடகோடியில், கூச்பிஹார் பக்கத்துக் கிராமத்துப் பெண். மழை பொய்த்தால் தன் ஊரில் செய்யும் ஒரு சடங்கைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தாள்.

அந்தத் துறையில் ஒரு சட்டம் உண்டு. எந்தக் கட்டுரையும், காப்பியடித்ததைக் காட்டிக்கொடுக்கிற கம்ப்யூட்டர் சோதனையில் தேறினால்தான் பேராசிரியர் கையெழுத்துப் போடுவார். பத்திரிகைக்குப் போவது அதற்கப்புறம்தான். சட்டம் போட்டவரே ஹிமாங்ஷுதான். இப்போது அவர் திரையில் நியதியின் கட்டுரை பக்கம் பக்கமாகச் சிவந்து கிடந்தது.

"சார், நான் யாரையும் பார்த்து எழுதலை. எல்லாம் எங்க ஊர்ல..."

"வாயை மூடு! மெஷின் பொய் சொல்லுமா?"

உள்ளூர அவருக்குச் சந்தோஷம்தான். 'ஆய்வில் நேர்மை' என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுகிற மனிதர். சொந்தத் துறையிலேயே ஒரு திருடி கையும் களவுமாக அகப்பட்டால் கசக்குமா என்ன?

"உன் பதிவை ரத்து பண்ணச் சொல்லி இன்னிக்கே எழுதறேன்."

நியதிக்கு உயிரே போய்விட்டது. பதிவு போனால் படிப்பு போச்சு. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

உதவிப் பேராசிரியை மௌசுமி தத்தாவுக்கு மனசு கேட்கவில்லை. அவரை அண்ணன் முறை வைத்து 'தா' போட்டுக் கூப்பிடுகிறவள் அவள்.

"ஹிமாங்ஷுதா, கொஞ்சம் பொறுங்க. யாரோடதைப் பார்த்து எழுதியிருக்கான்னு பார்த்தீங்களா?"

"எவனோடதா இருந்தா என்ன? திருட்டு திருட்டுதான். இரு, அதையும் காட்டறேன். எல்லாரும் நல்லாப் பாருங்க."

ஒரு தட்டுத் தட்டினார். திரையில் அந்த மூலக்கட்டுரை வந்து நின்றது. சென்ற வருடம் வெளியானது. எழுதியவர், ஹிமாங்ஷு சக்ரவர்த்தி.

எத்தனையோ எழுதியிருக்கிறார், எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியுமா? திரையில் தன் பெயரையே உற்றுப் பார்த்தார். ஒரே நொடிதான். மறு நொடி மேஜையை ஓங்கி அடித்தார்.

"கொழுப்பைப் பார்த்தீங்களா! என் வீட்டுலயே கன்னம் வெச்சிருக்கா!"

"சார்... அது நான் முதல் வருஷம் உங்ககிட்ட படிக்கக் கொடுத்தது. இதை எந்தப் பத்திரிகையும் சீந்தாதுன்னு சொன்னீங்களே. என் கம்ப்யூட்டர்ல இன்னும் இருக்கு சார்."

"ஓஹோ! அப்போ நான் உன்கிட்டேர்ந்து திருடினேன்னு சொல்றியா? கேட்டுக்குங்க எல்லாரும்! கம்ப்யூட்டர்ல இருக்காம். அதுல தேதியை யார் வேணா மாத்தலாம், தெரியுமா?"

"சேச்சே, சாரைப் போய்..." என்று ஒருவர் இழுத்தார். இன்னும் இரண்டு தலைகள் ஆமாம் என்று ஆடின. பெரிய மனுஷனை நம்புவதா, நேற்று வந்த பெண்ணை நம்புவதா?

நியதி மௌசுமியைப் பார்த்தாள். மௌசுமி தரையைப் பார்த்தாள். ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"ஹிமாங்ஷுதா, அந்தச் சடங்குக்கு நீங்க போயிருந்தீங்களா?"

"போகாமலா? எழுதியிருக்கேனே, படிக்கிறேன் கேளு!"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேடையில் பேசுகிற குரலில் ஏற்ற இறக்கத்தோடு படித்தார்:

"'வயல் நடுவே வாழைக்கன்றை நட்டார்கள். விளக்கு ஒன்றும் இல்லை. பாட்டு தொடங்கியதும் கைகோத்துக்கொண்டு கன்றைச் சுற்றி ஆடினார்கள். அந்த வட்டத்தில் நானும் ஆடினேன். பாட்டின் ஒவ்வொரு சொல்லையும் என் காதால் கேட்டேன்.'"

கண்ணாடியைக் கழற்றினார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"கூடவே நின்னு ஆடாதவங்க இப்படி எழுத முடியுமா? சொல்லுங்க, முடியுமா?"

"முடியாது சார்" என்றாள் நியதி.

அவ்வளவு நேரம் நடுங்கிக்கொண்டிருந்த குரல் இப்போது நடுங்கவில்லை.

"அப்பாடா, ஒத்துக்கிட்டா!" என்று நாற்காலியில் சாய்ந்தார் பேராசிரியர்.

"ஒரு விஷயத்தை அப்போ நான் எழுதாம விட்டுட்டேன் சார். எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், அதனால எழுதணும்னே தோணலை. அன்னிக்கு ராத்திரி வயல்ல பொம்பளைங்க மட்டும்தான் இறங்குவாங்க. ஆம்பளைங்க எல்லாரும் வீட்டுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு இருக்கணும். எங்க அப்பாவே எட்டிப் பார்த்தாலும் அரிவாளைத் தூக்கிக்கிட்டு விரட்டுவாங்க."

பேராசிரியரை நேருக்கு நேர் பார்த்துக் கேட்டாள்:

"அந்த வட்டத்துல நீங்க எப்படி சார் ஆடினீங்க?"