கழுகுக்கண்

"என்னங்க, இந்தப் பால் உங்க கண்ணுக்கு எப்படித் தெரியுது?"

தம்ளரைத் தூக்கிக் கூடத்து விளக்குக்கு நேரே காட்டினாள். நாற்காலியில் சாய்ந்திருந்த கணவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"பால் மாதிரிதான் தெரியுது. வெள்ளையா."

"எனக்கு மஞ்சளாத் தெரியுதே!"

"அப்போ மாட்டைத்தான் விசாரிக்கணும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு யாராவதாக இருந்தால் எந்த நிறமானால் என்ன என்று குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். அவளுக்குத் துணி ஆலையில் நிறம் பார்க்கும் வேலை. சாயம் ஏறி வரும் துணியில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். வெள்ளையிலேயே பால் வெள்ளை, முத்து வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை என்று பிரித்துச் சொல்வாள். ஆலையில் அவளுக்குப் பெயரே 'கழுகுக்கண்'தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கண்ணுக்கு இப்போது என்ன கேடு வந்ததோ! நாற்பது தாண்டியதும் வெள்ளெழுத்து வந்தது, கண்ணாடி போட்டுக்கொண்டாள். அது எல்லோருக்கும் வருவதுதான். இது வேறு. ஆலையிலும் தெருவிலும் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. பொழுது சாய்ந்து வீட்டுக்குள் வந்தால் சுவர், தலையணை உறை, தன் கை எல்லாமே எண்ணெய் இறங்கினதுபோல மஞ்சளித்துக் கிடக்கின்றன. மழைக்காலத்தில் தொடங்கியது, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிறது. இன்று வீட்டில் வந்தது நாளை ஆலையிலும் வந்தால்?

கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லையாம். காமாலையோ என்று ரத்தமும் சோதித்தாயிற்று. அதிலும் ஒன்றுமில்லை.

"நாளைக்கு மறுபடி டாக்டர்கிட்ட போறேன். நீங்களும் கூட வாங்களேன். எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்."

"நாளைக்கு எனக்கு மேடை வேலை இருக்கே."

அவர் நாடகங்களுக்கு விளக்கு அமைப்பவர். கிழவனைக் குமரனாக்குவதும் குமரனைக் கிழவனாக்குவதும் தன் விரல் நுனியில் இருப்பதாகப் பீற்றிக்கொள்வார். முன்பெல்லாம் ராத்திரி வேலைதான். கொஞ்ச காலமாகப் பகலில் அவரைப் பிடிக்கவே முடிவதில்லை. அவளுடைய விடுமுறை நாளில்கூட அவள் எழுந்திருப்பதற்குள் கிளம்பிவிடுகிறார். அலைந்து அலைந்து ஆளே பாதியாகிவிட்டார்.

"பகல்ல என்கூட நாலு அடி நடந்து எவ்வளவு நாளாச்சு? குருடியைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணுமேன்னு இப்பவே பயமா?" கேட்கும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது.

அவர் முழங்கையைச் சொறிந்துகொண்டார்.

"அசடு மாதிரி பேசாதே. உன் கண்ணுக்கு ஒண்ணும் வராது. கொஞ்ச நாள் பொறுத்துக்க, தானா சரியாயிடும்."

"ஆமா, பெரிய கண் டாக்டர்!"

"டாக்டர் சொன்னாக்கூடத் தப்பும். நான் சொல்றது தப்பாது."

பேப்பர் அவர் முகத்தை முழுக்க மறைத்திருந்தது.

மறுநாள் டாக்டர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஏம்மா, ஆலைக்கும் வீட்டுக்கும் நீங்க கொண்டுபோறது அதே கண்ணுதானே? அது வீட்டுக்குள்ள மட்டும் எப்படிக் கெட்டுப்போகும்? உங்க கண்ணை நான் பார்த்தாச்சு. நீங்க போய் உங்க வீட்டு விளக்கைப் பாருங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. விளக்குக்காரர் வீட்டு விளக்கை யாருக்குச் சந்தேகப்படத் தோன்றும்?

அன்று பொழுது சாய்ந்ததும் ஆலையிலிருந்து ஒரு மாதிரித் துண்டுத் துணியை வாங்கிக்கொண்டு வந்தாள். சுத்தமான பால் வெள்ளை. கூடத்துக்குள் நுழைந்ததும் அதுவும் மஞ்சளித்தது. கைப்பையை வீசிவிட்டு, ஸ்டூலை விளக்குக்குக் கீழே இழுத்துப் போட்டாள்.

"என்ன பண்றே? ஏறாதே!"

தடுக்க எழுந்த கணவர் நாற்காலிக் கையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

விளக்கை மூடியிருந்த கண்ணாடிக் கிண்ணத்தை அவள் திருகிக் கழற்றினாள். உள்ளே, மேடை விளக்குக்குப் போடும் மஞ்சள் தாள், வட்டமாகக் கத்தரித்து வைத்திருந்தது. ஒன்று எடுத்தால் அதன் கீழ் இன்னொன்று. அதன் கீழும் ஒன்று.

மூடியில்லாத விளக்கின் வெளிச்சத்தில் துணி பால் வெள்ளையாகவே இருந்தது.

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு!" என்று கூவினாள். உடனே கோபம் பற்றிக்கொண்டு வந்தது. "இது என்னங்க விளையாட்டு? கண்ணு போயிடுமோன்னு இத்தனை நாள் செத்துச் செத்துப் பிழைச்சேனே, உங்களுக்கு ஈவு இரக்கமே இல்லையா?"

சொல்லிக்கொண்டே திரும்பியவள், வெள்ளை வெளிச்சத்தில் அவரைப் பார்த்தாள். முகம், கைகள், கண்ணின் வெள்ளை எல்லாம் மஞ்சளை அரைத்துப் பூசியதுபோல இருந்தன.

"ஈரல்ல கட்டி," என்றார் அவர் மெதுவாக. "மழைக்கு முன்னாடியே டாக்டருங்க கையை விரிச்சுட்டாங்க. இருக்கிறவரைக்கும் நீ என்னை எப்பவும் போலப் பார்க்கணும்னு ஆசை. வேற யாரையும் ஏமாத்திடலாம். உன் கண்ணுக்குத்தான் எதுவும் தப்பாதே."

கொஞ்ச நாளில் தானாகச் சரியாகிவிடும் என்று அவர் சொன்னது எந்தக் கணக்கில் என்று அவளுக்குப் புரிந்தது.

அவள் அழவில்லை. தாள்களை ஒன்றுவிடாமல் மறுபடி கிண்ணத்துக்குள் அடுக்கினாள். எட்டித் திருகி மூடினாள். கூடம் பழையபடி மஞ்சளித்தது.

"என் கண்ணு சரியாகவே வேண்டாங்க," என்றாள்.