நாலாவது பெட்டி

"நாலாவது பெட்டி வேணாம். எடுத்துக்கினு போம்மா."

லாரி பார்சல் ஆபீஸ் கிளார்க் குமாரவேல் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். பட்டுச்சேலைக் கட்டுகளுக்கு நடுவே பிரவீனாவின் அட்டைப் பெட்டிகள் கிடந்தன.

பிரவீனா ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். நோயாளிகள் வீட்டில் மிச்சமாகும் பேண்டேஜ், கையுறை, ஊன்றுகோல் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிச் சேர்த்து, கல்வராயன் மலையில் உள்ள ஓர் இலவச ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் அனுப்புவாள். அவளிடம் பார்சல் கட்டணம் வாங்குவதில்லை. போன வருடம் அவள் வந்து கேட்டபோது, குமாரவேல் உள்ளே போய் போன் பேசிவிட்டு வந்தார். "முதலாளி ஃப்ரீயா அனுப்பச் சொல்லிட்டாரு. வெளிய சொல்லக் கூடாதாம்" என்றார்.

சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்கவில்லை என்ற கதையாக, இந்த மனிதர்தான் ஒவ்வொரு மாதமும் குறுக்கே நின்றார். ஊன்றுகோல் கனம் என்பார். பெட்டியைப் பிரித்துச் சின்னதாகக் கட்டச் சொல்வார்.

"சார், இதுல இருக்கறது எல்லாம் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டறது. அங்க ஸ்டாக் தீந்துடுச்சுன்னு டாக்டரம்மா போன் பண்ணாங்க. லேட்டானா ஒருத்தருக்குக் காலையே எடுக்கணுமாம்."

"அதுக்கு நான் இன்னா பண்றது?"

"லாரி உங்களுதா சார்? முதலாளிக்கே இல்லாத கஷ்டம் உங்களுக்கு ஏன்?"

குமாரவேல் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். தராசில் வைத்தார். முகம் இன்னும் சுருங்கியது.

"சரி, வெச்சுட்டுப் போ" என்றார்.

ஆயுத பூஜையன்று முதலாளி சபாபதி சென்னையிலிருந்து வந்திருந்தார். பிரவீனா சால்வையோடு போனாள். சால்வையைப் பார்த்ததும் குமாரவேல் எழுந்தே விட்டார்.

"அதெல்லாம் அவருக்குப் புடிக்காதும்மா. வேணாம்."

நன்றி சொல்லக்கூட விட மாட்டாரா? அவரைத் தாண்டி உள்ளே போனாள்.

"உங்க புண்ணியத்துல ஒரு காலு தப்பிச்சுது சார். பார்சலை ஃப்ரீயா அனுப்பறீங்களே, அந்த ஆஸ்பத்திரியே உங்களை வாழ்த்துது."

சபாபதி பொரியை மென்றபடி அவளைப் பார்த்தார்.

"ஃப்ரீயா? நம்ம கம்பெனில ஃப்ரீ பார்சலே கிடையாதும்மா. அந்த மலை ஆஸ்பத்திரி பெட்டிதானே? அதுக்கு மாசாமாசம் காசு கரெக்டா கட்டிக்கினுதானே இருக்காங்க."

பிரவீனா சால்வையும் கையுமாக வெளியே வந்தாள்.

குமாரவேல் ஒரு சேலைக் கட்டின் மேல் முகவரி எழுதிக்கொண்டிருந்தார்.

"அடுத்த மாசம் ரெண்டு பெட்டியோட நிறுத்திக்கம்மா" என்றார், தலையை நிமிர்த்தாமல். "வீட்ல பொண்ணு கல்யாணம் வருது."