உடங்காட்டு விறகு

சங்கரன்கோவில் பஸ்ஸிலிருந்து தராசோடு ஒருவன் இறங்கியதுமே, ஆவுடையம்மாள் விறகுக்கட்டை வைக்கோலுக்குள் தள்ளிவிட்டாள். அபராதம் போட வந்த ஃபாரஸ்ட் ஆளாகத்தான் இருக்கும்.

"அம்மா, ஊர்ப் பொது உடங்காட்டுல வாரத்துக்கு எவ்வளவு உடைமர விறகு எடுக்கீங்க? நிறுத்துப் பாக்கணும்."

"விறகா? அந்தப் பக்கமே நாங்க போறதில்லய்யா."

"ஆடு மேய்க்கிறது?"

"ஆடே கிடையாது."

கொல்லையில் ஆடு கத்தியது.

"அது எங்க மச்சினன் ஆடு. ராயகிரியில இருந்து வந்திருக்கு."

"அடுப்பு?"

"ரேஷன் சீமெண்ணெய்."

அடுக்களையிலிருந்து வந்த விறகுப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே அவன் எழுதிக்கொண்டான். தெருவில் எல்லா வீட்டிலும் இதே பதில்தான்.

"ஒரு சுள்ளிகூட ஒத்துக்கிடலியே!" என்று புருஷன் மருதப்பனிடம் பீற்றிக்கொண்டாள்.

அடுத்த வாரம் உடங்காட்டில் கோடரிச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், அங்கே அதே ஆள் தலையைத் தொங்கப்போட்டு நின்றான்.

"யாருக்கும் உதவாத காடுன்னு சர்க்கார்ல ஏலம் விட்டுட்டாங்கம்மா. உங்க புழக்கத்தைக் கணக்குக் காட்டி, அதைத் தடுக்கத்தான் எங்க ஆய்வு ஆபீஸ்ல என்னை அனுப்பினாங்க."

"அதை அன்னைக்கே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"சொன்னா கூட்டிச் சொல்லுவீங்கன்னு, சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

ஆவுடையம்மாள் விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். வைக்கோலுக்குள் கிடந்த விறகுக்கட்டைத் தலையில் தூக்கிவந்து அவன் காலடியில் போட்டாள்.

"இந்தா, இப்ப நிறுய்யா."