செர்ரி மரத்தின் பக்கம்

கொடுவாளை ஓங்கிக்கொண்டு நின்றான்.

எதிரே செர்ரி மரம். இலையெல்லாம் பீட்ரூட் தோல் நிறம். கிளையெல்லாம் இளஞ்சிவப்புப் பூ. கோத்தகிரிக்குச் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் வேலிக்கு வெளியே நின்று அதோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

காய்தான் இல்லை. ஐந்து வருடமாக.

"மிரட்டு கண்ணு," என்றாள் அம்மா. "வெட்டிப்போடுவேன்னு சத்தமாச் சொல்லு. அதுக்குக் கேக்கோணுமல்ல?"

காய்க்காத மரத்தை ஒருவர் வெட்ட வர வேண்டும். இன்னொருவர் குறுக்கே விழுந்து கெஞ்ச வேண்டும். மரம் பயந்துபோய் அடுத்த வருடம் காய்த்துவிடும். வெள்ளிக்கிழமை காலையில் செய்தால் நிச்சயம் என்பது அம்மாவின் கட்சி.

கெஞ்சுவதற்கு மருமகளை நிறுத்தியிருந்தாள்.

"சுகந்தி கெஞ்சட்டும். அவளுக்குத்தான் அதோட வலி தெரியும்."

சுகந்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

இது அழகுக்கு வைக்கிற செர்ரி, பூவோடு சரி என்று நர்சரிக்காரர் வாங்கிய அன்றே சொல்லியிருந்தார். பழம் எப்போது என்று அம்மா கேட்டாள். வரும்மா என்றான்.

குறை உங்களிடம்தான் என்று கோயமுத்தூர் டாக்டரும் அவனிடம் சொல்லியிருந்தார். அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று திரும்புகிற பஸ்ஸில் சுகந்தியிடம் சொன்னான்.

அம்மா இன்னும் மரத்துக்கு மோர் ஊற்றுகிறாள். சுகந்திக்கு லேகியம் உருட்டித் தருகிறாள்.

இரண்டு பேரும் மறுப்பதில்லை.

"வெட்டிப்போடுவேன்," என்றான். ராங் நம்பர் என்று சொல்கிற குரல்.

"வெட்டாதீங்க. அடுத்த வருஷம் காய்ச்சிரும்."

சுகந்தி அதை மரத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவனுக்குக் காது மடல் சுட்டது. கொடுவாள் தானாக இறங்கியது.

"அம்மா, இது காய்க்காதும்மா. வாங்கும்போதே தெரியும்."

"காய்க்காதுன்னு தெரிஞ்சே யாராச்சும் ஊட்டுக்குக் கொண்டாருவாங்களாடா?"

அம்மாவின் கண் மரத்தில் தொடங்கி சுகந்தியிடம் போய் நின்றது.

சுகந்தி அவனைப் பார்த்தாள். காத்திருந்தாள்.

"பூவுக்காகத்தாம்மா வாங்குனேன்."

சொன்ன பிறகுதான், எவ்வளவு பெருந்தன்மையாகப் பேசியிருக்கிறோம் என்று அவனுக்கே உறைத்தது.

சுகந்தி கிட்டே வந்து கொடுவாளை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"நீங்க மரத்துப் பக்கம் போய் நில்லுங்க," என்றாள். "இந்தவாட்டி நீங்க கெஞ்சுங்க. அத்தைக்குக் கேக்கற மாதிரி."

அவன் போய் நின்றான்.