கதவு தேடிய முகம்

ரூசே நகரின் பெண்கள் காப்பகத்து வாசலில் ராலிட்சா நிற்கிறாள். புருஷனிடம் அடிபட்டு வந்தவர்கள் தங்கும் வீடு அது. கதவுக்குச் சாவி கிடையாது; எவனும் பிடுங்கிக்கொள்ள முடியாது. சுவரிலிருக்கும் கேமரா முகத்தை அடையாளம் கண்டால்தான் திறக்கும். டான்யூப் ஆற்றுப் பக்கமிருந்து வரும் காற்றில் லிண்டன் பூக்களின் மணம். கேமராவில் சிவப்பு விளக்கு எரிகிறது. முடியை ஒதுக்கிவிட்டு மறுபடி முகத்தைக் காட்டுகிறாள். மறுபடியும் சிவப்பு. அவள் தெருவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். கையிலிருக்கும் சூடான ரொட்டி விரல்களுக்குள் நசுங்குகிறது. காவலுக்கு இருக்கும் ஸ்தோயங்கா உள்ளிருந்து கதவைத் திறக்கிறாள்.

“என்னை நீக்கிட்டீங்களாக்கா?”

ஸ்தோயங்கா மேசைத் திரையை அவள் பக்கம் திருப்புகிறாள். ராலிட்சா இங்கே தங்க வந்த அன்று எடுத்த படம். ஒரு கண் வீங்கி மூடிக்கிடக்கிறது, கன்னம் கறுத்திருக்கிறது. “அடியே, இந்த மூஞ்சியைத்தான் அது தேடுது. உன்கிட்டதான் அந்த மூஞ்சி இப்ப இல்லையே! வா, புதுசா எடுப்போம்.”

ராலிட்சா ஜன்னல் வெளிச்சத்தில் நிமிர்ந்து நிற்கிறாள். “சிரிக்கலாமாக்கா?”

“சிரியேன், யாரு வேணாம்னா?”

படம் பதிவானதும் ராலிட்சா தனியாக வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். பச்சை எரிகிறது, கதவு திறக்கிறது. உள்ளே வராமல், மறுபடியும் அதைச் சாத்திவிட்டு இன்னொரு முறை முகத்தைக் காட்டுகிறாள்.