கட்டாருக்குப் போன அப்பா

“ஆடாம இரிங்கம்மா, கோணப்போகுது!” என்று அதட்டி, தாயின் நெற்றியில் சிவப்புப் பொட்டை ஒட்டினாள் ஆறு வயது மேனுகா. பிரஷாந்தி மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தாள்.

“கட்டார்ல இருந்து அப்பா வந்து பாத்தா மயங்கிருவாரு.”

தன்னாமுனைப் பள்ளிக்கூடத்து முகாமில் அந்தப் பொட்டுத்தான் எல்லார் கண்ணையும் உறுத்தியது. சுனாமி கொண்டுபோன கணவன் யோகராசா வாவிக்கரையில் ஒதுங்கியபோது, தன் கையாலேயே மண் போட்டவள் பிரஷாந்தி. மகளிடம் மட்டும், அப்பா வேலைக்குக் கட்டார் போய்விட்டார் என்று சொல்லிவைத்திருந்தாள். எப்போது வருவார் என்று பிள்ளை ஒருநாளும் கேட்கவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய நிம்மதி.

யோகராசாவின் அக்கா சீதேவிப்பிள்ளை விடுவதாயில்லை. “நாளைக்கு என்ர தம்பிட முப்பத்தொண்டாம் நாள் கிரியை. நீ பொட்டு வச்சி மினுக்கிக்கிட்டு இரிக்காய். கடமையச் செய்யப்போறியா, இல்லியா கா?”

“மெல்லக் கதைங்க மச்சாள். புள்ளைக்குத் தெரிஞ்சா தாங்காது.” பிரஷாந்தி மகளின் காதுகளைப் பொத்தினாள்.

அன்று பின்னேரம், பிள்ளைகளைச் சிரிக்கவைக்கவென்று தொண்டர்கள் மண்டபத்தில் டிவி வைத்துப் படம் போட்டார்கள். பேய்ப் படம் என்றதும் பிரஷாந்தி மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆனால் அந்தப் பேய் பூனைக்குப் பயந்து அலுமாரிக்குள் ஒளிந்தது. ஒரு சிறுமியோடு சிநேகமாகி அவளுக்குச் சடை பின்னிவிட்டது. பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள்.

“நீ எப்படிப் பேயானே?” என்று கேட்டாள் படத்துச் சிறுமி.

“கடல்ல விழுந்து செத்துட்டேன்” என்றது பேய்.

மண்டபம் சட்டென்று அடங்கிப்போனது. பிரஷாந்தி பதறி மகளைப் பார்த்தாள். மேனுகா படத்தைப் பார்க்கவில்லை. தாயின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதெல்லாம் பொய், மகள்.”

“ஓம்மா, பொய்தான்.”

படம் முடிந்து எல்லோரும் தேத்தண்ணிக்கு ஓடினார்கள். மேனுகாவை மட்டும் காணவில்லை. பிரஷாந்தி திரும்பி வந்தபோது, அவள் அணைந்த டிவியின் முன்னால் குந்தி, கண்ணாடியில் வாயை வைத்துக் குசுகுசுத்துக்கொண்டிருந்தாள்.

“பேயண்ணன், எங்கட அப்பாவக் கண்டா, நான் நல்லா இரிக்கன் எண்டு சொல்லுங்க. அம்மாட்ட மட்டும் ஒண்டும் சொல்லிராதீங்க.”

கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்னும் மெல்லச் சொன்னாள்:

“அப்பா செத்தது அவவுக்குத் தெரியா.”