மறுபடியும் கோதண்டம்

“வெக்கமா இல்ல உங்களுக்கெல்லாம்? மறுபடியும் அந்தக் கோதண்டமா?”

கட்சி அலுவலக வாசலில் அன்புக்கரசி போட்ட சத்தத்தில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் போன கன்டெய்னர் லாரியின் ஹாரனே அமுங்கிப்போனது.

மாநகராட்சித் தேர்தலில் அந்த வார்டுக்கு யாரை நிறுத்தலாம் என்று இந்தத் தடவை உறுப்பினர்களே சீட்டில் பேர் எழுதிப் போடட்டும் என்று கட்சித் தலைமை சொல்லியிருந்தது. மூன்று முறை கவுன்சிலராக இருந்த கோதண்டத்தை எதிர்த்து நின்றவள் இவள் ஒருத்திதான். சற்றுமுன்தான் முடிவு சொன்னார்கள். கோதண்டமே வேட்பாளராம்!

“கொழாயில சாக்கடத் தண்ணி வருதுன்னு ரெண்டு வருஷமா ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்குனது யாரு? நானா, அந்தாளா?”

“நீதாம்மா,” என்றார் டீக்கடை சௌக்கத் அலி. “உம்மேல ஒரு குத்தமும் இல்ல. ஆனா கோதண்டம் பழகுன மனுசன். ஆஸ்பத்திரின்னு ஒரு போன் போட்டா ஆட்டோவோட வந்து நிப்பாரு.”

“ஆஸ்பத்திரிக்கு ஏன் போறீங்க பாய்? அந்தத் தண்ணியக் குடிச்சிதான போறீங்க!”

அன்புக்கரசிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கூட்டத்தில் நின்ற பெற்ற தாயையே பிடித்துக்கொண்டாள்.

“நீ யாருக்கும்மா போட்ட?”

பச்சையம்மா முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். “கோதண்டத்துக்குத்தான் போட்டேன், இன்னான்ற இப்ப? உங்கப்பன் செத்தன்னிக்கு ஐஸ் பொட்டி எத்துகினு வந்தது யாரு? எதிர்க்கட்சிக்காரன் எமகாதகன்டி. அவன அடிக்கணும்னா தெரிஞ்ச மூஞ்சி வோணும். உன்ன நிறுத்திட்டு எல்லாரும் தோக்குறதா?”

“பெத்தவளே இப்டின்னா ஊர இன்னா சொல்றது! பயந்தாங்கொள்ளிங்க! தெரிஞ்ச மூஞ்சியவே கட்டிகினு அழுவுங்க. நாத்தத் தண்ணியவே குடிச்சிகினு கெடங்க!”

ஓட்டு எண்ணிய வட்டச் செயலாளர் செல்வநாதன் ஒரு தாளோடு வெளியே வந்தார்.

“கத்தாத அன்பு. தலைமைக்கு அனுப்பணும், இதுல ஒரு கையெழுத்துப் போடு. உன்னையும் சேத்து மொத்தம் நூத்தியெண்பத்தாறு பேரு ஓட்டுப் போட்டீங்க. நூத்தியெண்பத்தாறும் கோதண்டத்துக்குத்தான் வுழுந்துகீது.”

பச்சையம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்ப உன் ஓட்டு எங்கடி?”

அன்புக்கரசி தாளைக் கையில் வாங்கினாள்.

“என் பேர எழுதலாம்னுதாம்மா பேனாவ எடுத்தேன்... கைக்கு அவரு பேருதாம்மா வந்துச்சி.”